மாணவர் நலப் பொறுப்பு உங்களிடம் வந்தால்: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

உயர்நிலைப் பள்ளியில் மாணவர் நலப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சுவரெங்கும் தன்னம்பிக்கை வாசகங்கள் ஏறும், ஒரு பேச்சாளர் வந்து கைதட்டல் வாங்கிப் போவார், ஒரு வாரம் மூச்சுப் பயிற்சி நடக்கும், பிறகு தேர்வு வந்துவிடும். இவற்றால் கெடுதல் இல்லை. இவையே போதும் என்று மற்ற வேலைகளைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட 'மிரியட்' ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. வகுப்பு முழுவதற்கும் மனக்குவிப்புப் பயிற்சி (அந்தந்த நொடியில் நடப்பதைக் கவனித்திருக்கப் பழகுவது) சொல்லிக்கொடுத்ததில், வழக்கமான பாடமுறையைவிடக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. வகுப்புக்கு வெளியே பெரும்பாலான மாணவர்கள் அதைச் செய்து பார்க்கவே இல்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் அழுத்திய சூழலில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தனர். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவற்றுள் ஒன்று, அக்கறையுள்ள ஒரு பெரியவருடன் நிலையான உறவு. அவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். பள்ளியின் கைக்குள் இருக்கும் விஷயம் இது. இதிலிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலை: யாருக்கு யாரும் இல்லை என்று கண்டுபிடிப்பது

பள்ளி தொடங்கி நான்காவது வாரம் இதற்கு ஏற்ற நேரம். அதற்கு முன் செய்தால் புதிய ஆசிரியர்களுக்கு முகங்களே பழகியிருக்காது. எல்லா மாணவர் பெயர்களையும் வகுப்புவாரியாகப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாணவர்கள் நுழையாத ஓர் அறையின் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியர்கள், நூலகர், ஆய்வக உதவியாளர், அலுவலகப் பணியாளர், விளையாட்டுப் பயிற்சியாளர் எல்லோருக்கும் இரண்டு நிறப் புள்ளி ஸ்டிக்கர்கள். பாடத்துக்கு வெளியே இந்தப் பிள்ளையைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரியும் என்றால் பச்சை. கஷ்டம் வந்தால் இந்தப் பிள்ளை என்னைத் தேடி வரும் என்று நினைத்தால் நீலம். நாற்பது நிமிடம் போதும். யாரும் யாரோடும் பேசாமல் ஒட்ட வேண்டும். பேசினால் ஒருவர் ஒட்டிய பெயரில் மற்றவரும் ஒட்டுவார்.

முடிந்ததும் சுவரைப் பாருங்கள். முதல் வரிசை மாணவர்களும் அடிக்கடி தண்டனை வாங்குபவர்களும் புள்ளிகளால் நிறைந்திருப்பார்கள். நடுவில், சத்தமில்லாமல் சராசரி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் வெறுமையாக இருக்கும். உங்கள் முதல் பட்டியல் அதுதான்.

இதில் வழக்கமாக நேரும் பிழை, நீலப் புள்ளியைத் தாராளமாக ஒட்டிவிடுவது. தம்மைத் தேடி வருவார்கள் என்று எல்லா ஆசிரியர்களுமே நம்புவார்கள். அதனால் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் மாணவர் தம் பெயரை எழுதி, 'ஒரு பிரச்சினை என்றால் பள்ளியில் யாரிடம் சொல்வாய்?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதட்டும். 'யாரிடமும் இல்லை' என்பதும் பதில்தான் என்று முன்பே சொல்லுங்கள். பெயரில்லாமல் வாங்கினால் நேர்மை கூடும். ஆனால் யாருக்கு உதவுவது என்று தெரியாது. தாள்களை நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள்.

இப்போது ஒவ்வொரு பெரியவருக்கும் மூன்று நான்கு பெயர்களைப் பிரித்துக் கொடுங்கள். எல்லோருக்கும் பிடித்த ஓர் ஆசிரியரின் தலையிலேயே முப்பது பேரைக் கட்டாதீர்கள். ஒரு மாதத்தில் அவரும் தளர்வார், திட்டமும் தளரும். செய்ய வேண்டியது எளிது: பத்துப் பள்ளி நாட்கள், நாளுக்கு இரண்டு நிமிடம், படிப்பைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ இல்லாத பேச்சு. 'நேத்து மேட்ச்ல என்னாச்சு?', 'பையில புதுசா என்ன படம் ஒட்டியிருக்க?' இந்த அளவுக்கு. முதல் மூன்று நாள் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். அங்கே நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை. 'உன்னை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்' என்று மட்டும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

இரண்டாவது: வாரம் ஒரு முறை, முப்பது நிமிடம்

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 35 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக ஐந்து பேர். அவர்களில் தாமாக வந்து சொல்பவர்கள் சொற்பம். மற்றவர்களைப் பற்றிப் பள்ளியின் பதிவேடுகள்தான் முதலில் பேசும்.

கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் விடுப்பு. அதிலும் ஒரே கிழமையில் விடுப்பு. (அந்தக் கிழமையில் எந்தப் பாடம், எந்த விளையாட்டு வகுப்பு என்று கால அட்டவணையைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.) திடீரென்று தாமதமாக வரத் தொடங்குவது. மருத்துவ அறைக்குத் தலைவலி, வயிற்றுவலி என்று திரும்பத் திரும்பப் போவது. ஒரு பாடத்தில் மட்டுமல்லாமல் எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் சேர்ந்தே சரிவது. வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை. சாப்பாட்டு நேரத்தில் நூலகத்திலோ கழிப்பறைப் பக்கமோ தங்கிவிடுவது. நன்றாகப் பழகிய நண்பர் குழுவிலிருந்து விலகி நிற்பது. இவற்றில் எதுவும் தனியாக ஒன்றை நிரூபிக்காது. இரண்டு மூன்று சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம்.

இந்தத் தகவல்கள் வருகைப்பதிவேட்டில் கொஞ்சம், மருத்துவ அறை நோட்டில் கொஞ்சம், வகுப்பாசிரியர் நினைவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் வாரக் கூட்டம். நான்கைந்து பேர் போதும்: நீங்கள், ஆலோசகர் இருந்தால் அவர், வருகைப்பதிவைப் பார்ப்பவர், மருத்துவ அறைப் பொறுப்பாளர், நிர்வாகத்தில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர். ஒரு கூட்டத்தில் எட்டுப் பெயருக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கட்டம்: என்ன பார்த்தோம், என்ன செய்வோம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பெயரைப் பற்றி வெறுமே பேசிவிட்டு எழுந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் கட்டத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'சோம்பேறி', 'கவனம் ஈர்க்கப் பார்க்கிறாள்', 'வீட்டில் சரியில்லை போல' என்பவை முடிவுகள். 'மூன்று வாரமாக வீட்டுப்பாடம் தரவில்லை. நேற்று முதல் பாடவேளையில் தூங்கினான்' என்பது பதிவு. அந்தப் பெற்றோரே ஒரு நாள் இதைப் படிக்க நேர்ந்தால் கூசாமல் நீட்டக்கூடியதாக இருக்கட்டும். கூட்டம் வம்புப் பேச்சாகச் சரிவது மிகச் சாதாரணம். முப்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவதுதான் அதற்குச் சிறந்த மருந்து.

மூன்றாவது: உட்கார்ந்து பேசுவது

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் அதிகம் பழக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது. அப்படிப்பட்ட அறை வேண்டும். கண்ணாடிச் சன்னல் வைத்த கதவு நல்லது. எதிரெதிராக உட்காராமல் மேசையின் மூலையை ஒட்டி உட்காருங்கள். வகுப்பு நடுவில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். திரும்பிப் போனதும் 'எதுக்குக் கூப்பிட்டாங்க?' என்ற கேள்வியே அடுத்த பிரச்சினையாகிவிடும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

பேச்சைத் தொடங்கும் முன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்.' முதலில் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்ல நேர்ந்தால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

பிறகு கண்டதைச் சொல்லுங்கள்: 'ரெண்டு வாரமா இடைவேளையில நீ தனியா உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தேன். எப்படி இருக்கேன்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.' அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து நொடி மௌனம் பெரியவர்களுக்கு மிக நீளமாகத் தெரியும். நிரப்பிவிடக் கை துடிக்கும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். 'ஒண்ணுமில்லை மிஸ்' என்று வந்தால் வற்புறுத்த வேண்டாம்: 'சரி. வியாழக்கிழமை மறுபடியும் பாக்கலாம்' என்று சொல்லி, வியாழக்கிழமை மறக்காமல் பாருங்கள். பலர் இரண்டாவது முறைதான் பேசுவார்கள். நீங்கள் சொன்ன நாளில் வந்தீர்களா என்பதை அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்கும்போது முதல் பத்து நிமிடத்தில் அறிவுரை வேண்டாம். 'இதெல்லாம் ஒரு விஷயமா', 'உன் வயசுல நாங்க பார்க்காததா', 'அவனைப் பாரு, எவ்வளவு கஷ்டத்துலயும் படிக்கறான்' ஆகிய மூன்றும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். மாணவர் சொன்னதை அவர் சொற்களிலேயே ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். முடிக்கும்போது அடுத்து என்ன, யார், எப்போது என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்த படி சின்னதாக இருந்தால் போதும்: 'கணக்கு சார்கிட்ட ஒப்படைக்கற தேதியைத் தள்ளி வைக்க நானே பேசறேன்.'

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

'இருந்து என்ன பிரயோஜனம்', 'நான் இல்லைன்னா எல்லாருக்கும் நல்லது' போன்ற பேச்சு, நெருங்கிய பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, நீண்ட சோர்வுக்குப் பின் காரணமில்லாத திடீர் அமைதி: இவற்றைக் கண்டால் நேராகக் கேளுங்கள். 'சாகணும்னு தோணுதா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகளில் அப்படித் தெரியவரவில்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. 'ஆமாம்' என்றால் எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்தது உண்டா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். ஆபத்தின் அளவை நீங்களே எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. மனநல நிபுணரிடம் சேர்க்கும்வரை பாதுகாப்பதே உங்கள் வேலை.

அந்த மாணவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், கழிப்பறைக்குப் போவதானாலும். இன்னொரு பெரியவரை வரவழையுங்கள். பெற்றோரை நேரில் அழையுங்கள். வீடே ஆபத்தின் காரணம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் முதலில் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். மாணவரைக் கையோடு கையாக ஒப்படையுங்கள். 'நேரே வீட்டுக்குப் போ' என்று அனுப்பக் கூடாது. மருந்துகளையும் ஆபத்தான பிற பொருள்களையும் இன்றே பூட்டிவைக்கச் சொல்லுங்கள். மனநலச் சேவையின் அவசர எண்ணையும் அருகிலுள்ள மருத்துவமனை எண்ணையும் இப்போதே, அமைதியான நாளிலேயே, தொலைபேசி அருகே எழுதி ஒட்டிவிடுங்கள். நடந்ததை நேரத்துடன் அன்றே எழுதிவைக்க வேண்டும்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் மாணவரிடம் 'இனிமே செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று கேட்கவே கூடாது. சத்தியத்தை மீறியதும் அடுத்த முறை மறைப்பார், மறைப்பதுதான் பேராபத்து. காயத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், மருத்துவ அறைப் பொறுப்பாளர் பார்க்கட்டும். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் 'சொன்னதுக்கு நன்றி' என்பதில் தொடங்குங்கள்.

வகுப்பில் இதைப் பற்றிப் பாடமாக எடுக்கலாமா? எடுக்கலாம், எப்படி என்பதுதான் கேள்வி. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களிடம் நடந்த 'செய்ல்' ஆய்வு (2015) மூன்று வழிகளைச் சோதித்தது: ஆசிரியர்களுக்கு அறிகுறி கண்டறியும் பயிற்சி, மாணவர்களுக்கு வினாப்படிவச் சோதனை, மாணவர்களே பேசியும் நடித்தும் பார்க்கும் வகுப்பு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது மூன்றாவது மட்டும். நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம் எடுத்த அந்த வகுப்பில் பெரும்பகுதி நேரம் நாடகமாக நடித்துப் பார்ப்பதிலேயே போனது. ஆகவே சொற்பொழிவைக் குறையுங்கள். 'நண்பன் ஒருவன் இப்படி ஒரு செய்தி அனுப்பினால் என்ன பதில் போடுவாய், யாரிடம் போய்ச் சொல்வாய்?' என்று கேட்டு, ஜோடி ஜோடியாக நடிக்கவிடுங்கள்.

வகுப்பில் பதற்றம் முற்றிவிட்டால்

மூச்சு வாங்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். இது வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். சுற்றி நிற்பவர்களை விலக்கி, ஒருவர் மட்டும் கூட இருங்கள். 'அமைதியாக இரு' என்று சொன்னால் அமைதி வராது. 'இது பதற்றம். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். நான் இங்கேயே இருக்கேன்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். ஆழமாக இழுக்கச் சொல்வது பலரும் செய்யும் தவறு. ஏற்கெனவே மூச்சு மிகையாகிவிட்டது, வெளிவிடுவதை நீட்டுவதுதான் தேவை. முதல் முறை வருகிறது என்றாலோ, நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல், ஆஸ்துமா இருந்தாலோ பதற்றம் என்று முடிவுகட்டாமல் மருத்துவ உதவியை அழையுங்கள். அடங்கிய பிறகு முடிந்தால் அதே நாளில் வகுப்புக்குத் திரும்பட்டும். வீட்டுக்கு அனுப்புவதே வழக்கமானால் வகுப்பறை மேலும் பயமுறுத்தும்.

நீண்ட விடுப்புக்குப் பின் திரும்புபவர்

மேலே சொன்னதன் பெரிய வடிவம் இது. பயமாக இருக்கிறது, வரவில்லை, நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த நாளும் வராமலிருக்கக் காரணமாகிறது. இதற்கிடையில் பாடம் குவிகிறது, நண்பர்கள் வேறு குழுவில் சேர்கிறார்கள். அதனால் மூன்றாவது நாளே தொடர்புகொள்ளுங்கள். மூன்றாவது வாரம் என்றால் வேலை பல மடங்கு.

திரும்பும் திட்டத்தை மாணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். முதல் இரண்டு நாள் அவர் குறைவாக அஞ்சும் இரண்டு பாடவேளை, மூன்றாம் நாளிலிருந்து அரை நாள், அடுத்த வாரம் முழு நாள் என்பது ஒரு மாதிரி. ஒரு படியில் பதற்றம் பாதியாகக் குறைந்தால் அடுத்த படி. குறையாவிட்டால் அதே படியில் இன்னும் இரண்டு நாள், பின்வாங்கல் வேண்டாம். காலையில் வாசலில் யார் சந்திப்பார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். 'எங்க போயிருந்த?' என்று வகுப்பில் கேட்பார்கள், உறுதியாகக் கேட்பார்கள். அதற்கு ஒரு வரிப் பதிலை முன்கூட்டியே பழகிவையுங்கள். 'உடம்பு சரியில்ல, இப்போ பரவாயில்ல' போதும். ஆசிரியர்கள் விடுபட்ட பாடங்களை மொத்தமாகக் கையில் திணிக்காமல் இருப்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு பாடத்திலும் அடுத்த அத்தியாயத்துக்கு அவசியமானது எது என்று கேட்டு, அதை மட்டும் கொடுங்கள்.

துன்புறுத்தல் புகார் வந்தால்

சமமான இருவரின் சண்டையையும் துன்புறுத்தலையும் பிரித்துப் பாருங்கள். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் ஏறிய இடத்திலிருந்து நடந்தால் அது துன்புறுத்தல். பலம் என்பது உடம்பாக இருக்கலாம், கூட்டமாக இருக்கலாம், ஒருவரின் படத்தைக் கைவசம் வைத்திருப்பதாகவும் இருக்கலாம். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கை குலுக்கச் செய்வது சண்டைக்குச் சரி. துன்புறுத்தலில் அது பாதிக்கப்பட்டவரை மீண்டும் ஒருமுறை அதே ஆளின் முன் நிறுத்துவதாகிவிடும். தனித்தனியாகப் பேசுங்கள். பிறகு ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முதல் வாரம் அடங்கி மூன்றாம் வாரம் கைப்பேசி வழியாகத் தொடர்வது சகஜம். பள்ளி வரைபடத்தைக் கொடுத்து எங்கே பயமாக இருக்கிறது என்று சிவப்பு மையில் குறிக்கச் சொன்னால், பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் சிவப்பு குவியும். அங்கே இடைவேளையில் ஒரு பெரியவர் நின்றால் போதும்.

அன்றாடப் படிப்புக்குள் மீண்டெழும் திறன்

கடுமையாக நடத்தினால் உறுதி வரும் என்ற எண்ணம் ஆசிரியர் அறைகளில் இன்னும் இருக்கிறது. தாங்கக்கூடிய சிரமம், பக்கத்தில் உதவி, மறுபடி முயல வாய்ப்பு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் உறுதி வளர்கிறது. திருத்திய விடைத்தாளைக் கொடுக்கும் நாள் இதற்கு நல்ல இடம். மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். தாளை வாங்கியதும் பத்து நிமிடம் ஒதுக்கி, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் மூன்று வகைகளில் ஒன்றில் சேர்க்கச் சொல்லுங்கள்: படிக்கவில்லை, படித்தும் புரியவில்லை, தெரிந்தும் கைதவறிவிட்டது. ஒரு வாரம் கழித்து, தவறிய பகுதியில் மட்டும் சிறு மறுதேர்வு. 'எனக்குக் கணக்கு வராது' என்று சொன்னவர், 'எனக்குப் பின்னம் புரியவில்லை' என்று சொல்லத் தொடங்குவார். இரண்டாவதற்கு உதவ முடியும்.

தேர்வு நெருக்கத்தில் மாணவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கற்பிப்பதற்கு முன், தேர்வு அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தம் தேர்வை மட்டுமே பார்ப்பதால், ஒரே நாளில் நான்கு தேர்வும் இரண்டு ஒப்படைப்பும் விழும். ஆசிரியர் அறையில் ஒரே சுவர் நாள்காட்டி, நாளுக்கு இரண்டு தேர்வுக்கு மேல் கிடையாது, முதலில் எழுதியவருக்கு முன்னுரிமை: செலவில்லாத இந்த விதி, பல கருத்தரங்குகளைவிடப் பயன் தரும். பதின்ம வயதில் உடலின் தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இணையத்தில் வீட்டுப்பாடம் ஒப்படைக்க நள்ளிரவைக் கெடுவாக வைக்கும் பள்ளி, தன் கையாலேயே அதைப் பறிக்கிறது. கெடுவை இரவு எட்டு மணிக்கு மாற்றுங்கள்.

அளவிட விரும்பினால்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் எளிமையானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூறுக்கு மதிப்பு. 50-உம் அதற்குக் கீழும் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்; நோய் என்று பொருளில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: அன்று மாலைக்குள் எல்லாப் படிவங்களையும் படிக்க ஆளில்லை என்றால் கொடுக்காதீர்கள். உதவி கேட்டு எழுதிய தாள் அலமாரியில் இரண்டு வாரம் கிடப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

ஆண்டு முடிவில் ஒரு மணி நேரம் மிச்சம் வையுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து வரிக் குறிப்பு: எது உதவியது, எது உதவவில்லை, யாரிடம் பேசுவார், வீட்டில் யாரை அழைப்பது, அடுத்து எப்போது சந்திக்க வேண்டும். எதை அடுத்த ஆசிரியரிடம் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அந்த மாணவரையே கேட்டு எழுதுங்கள். புதிய வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்து, கோடை விடுமுறைக்கு முன்பே அவரையும் மாணவரையும் ஐந்து நிமிடம் சந்திக்க வையுங்கள்.